எந்த வினை?

புற்றுநோய் மருத்துவமனையில் முதல் நாள் நிரப்பிய படிவம் இன்னும் என் ஃபைலில் இருக்கிறது. 2014, ஆடி மாதம். மேசைக்குப் பின்னால் இருந்த பையன் கேட்டுக்கேட்டு எழுதினான். வயது? ஐம்பத்திரண்டு. வயதுக்கு வந்தது எப்போது? பதிமூன்றில். கல்யாணம்? இல்லை. குழந்தை? இல்லை. பால் கொடுத்தது? அதற்கு அவனே ஒரு கோடு போட்டுக்கொண்டான். குடும்பத்தில் யாருக்காவது? இல்லை. புகையிலை? இல்லை. கடைசியில் 'தொழில்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை அவன் கேட்கவே இல்லை. என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு 'ஹவுஸ் ஒய்ஃப்' என்று எழுதினான். கல்யாணமே ஆகாதவளை யாருக்கப்பா ஒய்ஃப் ஆக்கினாய் என்று கேட்டிருக்கலாம். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

பக்கத்தில் இருந்த அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்: "எந்தப் பொறப்புல பண்ணுன வினையோ, எம்புள்ள தலையில வந்து விடிஞ்சிருக்குது."

ஒரே நிமிடத்தில் இரண்டு பேர் என் நோய்க்குக் கணக்கு எழுதிவிட்டார்கள். பையன் என் கர்ப்பப்பையைப் பார்த்தான். அம்மா என் முற்பிறவியைப் பார்த்தாள். இந்தப் பிறவியில் முப்பது வருடமாக இந்தக் கைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்று இருவருமே கேட்கவில்லை.

நான் நர்ஸ். கோவைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் 1990லிருந்து பதினெட்டு வருடம் சி.எஸ்.எஸ்.டி.யில் இருந்தேன். ஆபரேஷன் தியேட்டருக்கும் வார்டுகளுக்கும் வேண்டிய கருவிகளைக் கழுவி, கட்டி, கிருமி நீக்கி அனுப்பும் இடம் அது. கத்தரி, கத்தி, துணி எல்லாம் ஆட்டோகிளேவில் நீராவியில் வெந்துவிடும். பிளாஸ்டிக் குழாய், கதீட்டர் போன்றவை வெந்தால் உருகிவிடும். அவற்றுக்கு ஈ.டி.ஓ. மெஷின். எத்திலீன் ஆக்சைடு என்ற வாயுவை அடைத்து, மணிக்கணக்கில் வைத்துக் கிருமியைக் கொல்வார்கள். கொன்ற வாயு பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊறிக் கிடக்கும். அதனால் வெளியே எடுத்த பிறகும் பல மணி நேரம் காற்றோட்டத்தில் வைக்க வேண்டும் என்பது விதிமுறை. தியேட்டரிலிருந்து போன் வந்தால் விதிமுறை நிற்காது. "சிஸ்டர், டேபிள்ல பேஷன்ட் இருக்காரு." கதவைத் திறப்போம். லேசான இனிப்பு வாசனை முகத்தில் அடிக்கும். நாங்கள் அதை 'கேஸ் வாசம்' என்போம். அன்றைக்கெல்லாம் தலை பாரமாக இருக்கும். ஒரு காப்பி குடித்தால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொள்வோம்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் 1984லேயே இந்த வாயுவுக்கு வரம்பு வைத்துவிட்டார்கள்: எட்டு மணி நேர வேலையில் சராசரியாகக் காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. மனித மூக்குக்கு அந்த வாசனை தெரிய அதைப்போல் நூறு மடங்குக்கு மேல் வேண்டும். வாசம் வருகிறது, கதவைச் சாத்து என்று நாங்கள் சொன்னபோதெல்லாம் நேரம் கடந்திருந்தது. லியோன் நகரில் இருக்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் சேர்த்தது. அப்போது நான் அந்த அறையில் நாலாவது வருடம்.

கீமோ நாட்களில் ஒரு புத்தகம் கைக்கு வந்தது. சமூக மருத்துவம் கற்பிக்கும் ஒரு பேராசிரியை, என் பழைய தோழி, 'உனக்குப் பிடிக்கும்' என்று கொண்டுவந்து கொடுத்தாள். பெர்னார்தினோ ராமஸ்ஸினி என்ற இத்தாலிய மருத்துவர் 1700இல் லத்தீனில் எழுதியது; தொழிலாளரின் நோய்களைப் பற்றியது. 1713இல் இன்னும் சில தொழில்களைச் சேர்த்து மறுபடி பதிப்பித்தார். குயவர், கண்ணாடி ஊதுபவர், சலவைக்காரி, மருத்துவச்சி, எழுத்தர் என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்கள்.

அந்தப் புத்தகம் ஒரு மலக்குழியில் தொடங்கியது. மொதேனா நகரில் அவர் குடியிருந்த வீட்டின் குழியை அள்ள ஆள் வந்தார். அந்த மனிதர் பதறிப் பதறி வேலை செய்வதைப் பார்த்து, ஏன் இத்தனை அவசரம், மெதுவாகச் செய்யலாமே என்று ராமஸ்ஸினி கேட்டார். குழிக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தவர், இங்கே நாலு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் என்ன ஆகும் என்பது இருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும், கண் போய்விடும் என்றார். அவர் மேலே வந்ததும் ராமஸ்ஸினி கண்களைப் பார்த்தார். சிவந்து மங்கியிருந்தன. இதற்கு என்ன மருந்து செய்வீர்கள் என்று கேட்டார். இருட்டறையில் அடைந்து கிடந்து வெதுவெதுப்பான நீரில் கண்ணைக் கழுவுவோம் என்றார் அவர். அதற்குப் பிறகுதான் ஊருக்குள் பிச்சையெடுத்துத் திரிந்த குருடர்களில் சிலர் இதே தொழில் செய்தவர்கள் என்பது ராமஸ்ஸினியின் கண்ணில் பட்டது. மலம் அள்ள ஆள் வைப்பதை 2013இல் நம் நாட்டில் சட்டம் போட்டுத் தடுத்த பிறகும் குழியில் இறங்கிச் செத்தவர்களின் செய்தி பத்திரிகையில் வருகிறது. முந்நூறு வருடக் கதை என்று இதை ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை.

அன்றைக்கு மருத்துவர்கள் நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் என்று ஹிப்பாக்ரட்டீஸ் காலத்திலிருந்து ஒரு பட்டியல் இருந்தது. ராமஸ்ஸினி அதில் ஒன்றைக் கூட்டினார்: என்ன தொழில் செய்கிறாய்? ஏழை வீட்டுக்குப் போனால் நின்றபடி நாடி பார்த்துவிட்டு ஓடக்கூடாது, முக்காலி கிடைத்தாலும் அதைப் பொன் நாற்காலியாக நினைத்து உட்கார்ந்து கேட்க வேண்டும் என்றும் எழுதினார். என் படிவத்தில் அந்தக் கட்டம் வந்து சேர்ந்தது இவரால்தான். நிரப்பும் வழக்கம்தான் வந்து சேரவில்லை.

பால் கொடுக்கும் செவிலித்தாய்களைப் பற்றிய பகுதியில் ராமஸ்ஸினி சட்டென்று கன்னியாஸ்திரிகளிடம் போகிறார். இத்தாலியில் மடங்கள் இல்லாத நகரம் இல்லை. மார்பகப் புற்று இல்லாத மடத்தைக் காண்பதும் அரிது என்கிறார். கர்ப்பப்பைக்கும் மார்புக்கும் ஏதோ ஒட்டுறவு இருக்கிறது, கன்னிமை வாழ்வோடு அதற்குத் தொடர்பு உண்டு என்று ஊகித்தார். அவர் சொன்ன விளக்கம் இன்று நிற்காது. பார்த்தது நிற்கிறது. 1842இல் ரிகோனி ஸ்டெர்ன் என்பவர் வெரோனா நகரின் எண்பது ஆண்டு மரணப் பதிவுகளை எண்ணிப் பார்த்தார்: கன்னியாஸ்திரிகளிடம் மார்பகப் புற்று அதிகம். 1926இல் பிரிட்டனில் ஜேனட் லேன்-கிளேபன் என்ற பெண் மருத்துவர், நோய் வந்த சுமார் ஐந்நூறு பெண்களையும் வராத ஐந்நூறு பெண்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார். பிள்ளைப்பேறு குறைந்தவர்களிடமும் தாமதமாக மணந்தவர்களிடமும் மார்பகப் புற்று கூடுதலாக இருந்தது. இன்றைய விளக்கம் ஹார்மோன்கள்: பேறும் பாலூட்டலும் இல்லாத உடல் மாதச் சுழற்சியின் ஹார்மோன்களை இடைவெளி இல்லாமல் தாங்குகிறது.

இறைவனுக்கு என்று தன்னை ஒப்புக்கொடுத்தவளுக்கு அந்த ஒப்புக்கொடுத்தலாலேயே நோய். கர்மக் கணக்கு எழுதுபவர்கள் இங்கே எந்தப் பக்கத்தில் எழுதுவார்கள்? துறவு பாவமா? மடத்துச் சுவர்களுக்குள் நல்லவர், தீயவர், சோம்பேறி, உழைப்பாளி எல்லோரும் இருந்திருப்பார்கள். நோய் அவர்களைக் குணம் பார்த்துப் பிரிக்கவில்லை. 2012இல் லான்செட் இதழில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர், கன்னியாஸ்திரிகளுக்குக் கருத்தடை மாத்திரை கொடுத்தால் கருப்பைப் புற்றும் சினைப்பைப் புற்றும் குறையும் என்று வாதாடினார்கள். 1968இல் கருத்தடையைக் கண்டித்த போப் ஆறாம் பவுலின் சுற்றுமடலே, நோய்க்கு மருந்தாகக் கொடுப்பதைத் தடுக்கவில்லை என்று எடுத்துக்காட்டினார்கள். என்னைக் கவர்ந்தது அதிலிருந்த மரியாதை. விரதத்தைக் கைவிடு என்று சொல்லவில்லை. விரதத்துக்கு நீ கொடுக்கும் விலையைக் குறைக்க வழி இருக்கிறது என்றார்கள்.

எனக்கு இது புத்தகச் செய்தி மட்டும் இல்லை. ராமஸ்ஸினி எழுதிய இரண்டு பேரும் என் உடம்பில் இருக்கிறார்கள். வேலையில் நஞ்சை முகர்ந்தவளும் நான்தான், பிள்ளை பெறாதவளும் நான்தான். பார்க்க வந்த உறவுக்காரர்கள் ஆரஞ்சுப் பழப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டுச் சொன்னது ஒன்றுதான்: "காலாகாலத்துல கல்யாணம் பண்ணியிருந்தா இது வந்திருக்குமா?" அம்மாவின் வினைப் பேச்சைவிட அது அதிகமாகச் சுட்டது. அம்மா குற்றத்தை எனக்கே தெரியாத ஒரு பிறவிக்குத் தள்ளினாள். அதில் ஒரு கருணை இருந்தது. இவர்கள் இந்தப் பிறவியிலேயே கொண்டுவந்து வைத்தார்கள். 'நீ பெறவில்லை, நீ கொடுக்கவில்லை' என்று விஞ்ஞானத்தின் பெயரில் ஒரு புதிய கர்மக் கொள்கை. மறுபிறப்பு மட்டும் அதில் கிடையாது.

நோயைப் பாவமாக்கினால் யாருக்கு லாபம் என்று காட்டும் வழக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தின் ஆரஞ்சு நகரில், இருட்டில் ஒளிரும் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் கலந்த மை பூச இளம் பெண்களை வைத்திருந்தார்கள். தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் துளித்துளியாக ரேடியம் வயிற்றுக்குள் போனது. மோலி மாஜியா என்ற பெண்ணுக்குப் பல் கொட்டியது, தாடை எலும்பு நொறுங்கியது. 1922 செப்டம்பரில், இருபத்து நாலு வயதில் இறந்தாள். மரணச் சான்றிதழில் எழுதியது சிபிலிஸ், அதாவது மேகநோய். செத்த பெண் எழுந்து வந்து மறுக்கமாட்டாள். அந்தச் சான்றிதழ் கம்பெனிக்கு வசதியாக இருந்தது.

ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற நோயியல் மருத்துவர் 1925இல் அந்தப் பெண்களின் உடம்பிலும் மூச்சிலும் கதிரியக்கத்தை அளந்து காட்டினார். அங்கே மை பூசிய கிரேஸ் ஃப்ரையரும் வேறு நான்கு பெண்களும் வழக்குப் போட்டார்கள். 1927 அக்டோபரில் மோலியின் கல்லறையைத் தோண்டினார்கள். எலும்பில் ரேடியம் இருந்தது. மேகநோயின் அடையாளம் இல்லை. 1928இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. கிரேஸ் ஃப்ரையர் 1933இல் எலும்புப் புற்றுநோயில் இறந்தார். ஐந்து வருடம் ஒரு பெண் தன் ஒழுக்கத்தின் மேல் விழுந்த கறையோடு மண்ணுக்குள் கிடந்தாள். கறையைத் துடைத்தது ஓர் அளவைக் கருவி.

பக்கத்துக் கட்டிலில் நாகர்கோவில் டீச்சர் ஒருவர் இருந்தார். "யோவான் ஒன்பதாம் அதிகாரம் வாசிச்சுப் பாருங்க சிஸ்டர்" என்றார். பிறவிக் குருடன் ஒருவனைப் பார்த்துச் சீடர்கள் இயேசுவிடம் இது யார் செய்த பாவம், இவனா, பெற்றவர்களா என்று கேட்கிறார்கள். இருவருமே இல்லை என்கிறார் அவர். எனக்கு மொதேனாவின் குருட்டுப் பிச்சைக்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள். பாவம் யாருடையது என்ற கேள்வியைத் தள்ளி வைத்தால்தான் தொழில் என்ன என்ற கேள்விக்கு இடம் கிடைக்கிறது.

கர்மத்தை வகுத்துச் சொன்ன மண்ணிலும் இது தெரிந்தவர்கள் இருந்தார்கள். பௌத்த நூலான சம்யுத்த நிகாயத்தில் சீவகன் என்ற பரிவிராஜகன், ஊர் ஊராகத் திரியும் துறவி, புத்தரிடம் வருகிறான். மனிதன் படும் சுகதுக்கம் எல்லாம் முன்வினைப் பயன் என்று சிலர் சொல்கிறார்களே என்கிறான். புத்தர் எட்டுக் காரணங்களை எண்ணிச் சொல்கிறார். பித்தம், சிலேத்துமம், வாதம், மூன்றும் கூடியது, பருவ மாற்றம், உடம்பைச் சரியாகப் பேணாதது, திடீர்த் தாக்குதல். எட்டாவதாகத்தான் வினை. எல்லாம் முன்வினை என்பவர்கள் கண்ணால் கண்டதையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்று முடிக்கிறார். வினையை அவர் மறுக்கவில்லை. வரிசையில் அதன் இடத்தைக் காட்டினார்.

அம்மாவிடம் புத்தரைச் சொன்னால் எடுபடாது. அவளுக்குத் திருஞானசம்பந்தர்தான். எங்கள் ஊர் திருச்செங்கோடு. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் அடியார்களோடு இங்கே வந்து தங்கியபோது பனிக்காலத்துக் குளிர்சுரம் எல்லோரையும் பிடித்தது. அப்போது பாடியது திருநீலகண்டப் பதிகம். எங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அம்மா அதைப் பாடுவாள். எனக்கு அறுவை சிகிச்சை நடந்த அன்று இரவும் பாடினாள். ஐம்பது வருடம் காதில் விழுந்த பாட்டின் முதல் செய்யுளை அன்றுதான் கேட்டேன். முன்வினைப் பயன் என்று சொல்லத் தெரிந்தவர்களே, மீளும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறைதானே என்று கேட்கிறார் சம்பந்தர். வினை என்ற சொல்லையே மாற்றி மாற்றிப் போட்டு விளையாடுகிறார்: தலையில் வந்து விழுவதும் வினை, தப்பிக்கும் வழியும் வினை, கையால் செய்யும் தொண்டும் வினை.

"அம்மா, வினைன்னு சொல்லிட்டுச் சும்மா இருக்காதேன்னுதான் உங்க சம்பந்தரும் சொல்றாரு" என்றேன்.

"நா எங்க கண்ணு சும்மா இருக்கறேன்? பாடிட்டுத்தான இருக்கறேன்" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தமிழில் வினை என்றால் வேலை. வள்ளுவர் வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என்று அடுத்தடுத்து மூன்று அதிகாரம் வைத்தது வேலையைப் பற்றி. அந்தச் சொல்லே விதிக்கும் பெயராக நிற்பதால் ஒரு வசதி ஏற்பட்டுவிட்டது. வேலையால் வந்ததை விதியால் வந்ததாகச் சொல்ல மொழிபெயர்ப்புகூட வேண்டாம். வினைக் கொள்கையின் அடிப்படை, செய்தவன் பயனை அனுபவிப்பான் என்பது. தொழிற்சாலையில் நடப்பது அதற்கு நேர்மாறு. காற்றோட்டக் குழாய்க்குச் செலவு செய்ய வேண்டாம் என்று ஓர் அறையில் ஒருவர் முடிவு செய்கிறார். பயன் இன்னோர் அறையில் இன்னொருத்தியின் மார்பில் வந்து தங்குகிறது. அதற்கு 'உன் வினை' என்று பெயர் சொல்வது கர்மக் கொள்கைக்கே செய்யும் அநியாயம்.

நீலகண்டம் என்ற பெயரே இதைத்தான் எனக்குச் சொல்கிறது. பாற்கடலைக் கடைந்தவர்களுக்கு அமுதம் வேண்டியிருந்தது. நஞ்சு வந்தபோது ஓடினார்கள். ஒருவர் தெரிந்தே, தானே எடுத்து விழுங்கினார். அதனால் தெய்வம். மோலி மாஜியாவுக்கு நஞ்சை அமுதம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அப்போது ரேடியம் உடம்புக்கு நல்லது என்றே பலர் நம்பினார்கள். தெரியாமல் விழுங்கியவளைத் தியாகி என்று புகழ்வதிலும் எனக்குச் சம்மதமில்லை. விழுங்க வைத்தவர்களை அது தப்ப விட்டுவிடும்.

சரி, எனக்கு எதனால் வந்தது? 2003இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், எத்திலீன் ஆக்சைடால் கிருமி நீக்கும் ஆலைகளில் வேலை பார்த்த 7,576 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். வாயு மிக அதிகமாகப் பட்டவர்களிடம் மார்பகப் புற்று கூடுதலாகத் தென்பட்டது. ஆனால் ஆய்வாளர்கள் எச்சரிக்கையாகவே எழுதினார்கள். ஏழாயிரம் பேரைப் பற்றிச் சொல்ல முடிந்த விஞ்ஞானத்தால் ஒருத்தியைப் பற்றிச் சொல்ல முடியாது. அந்த அறையில் என்னோடு பதினொரு வருடம் இருந்த டெக்னீஷியன் அம்மாவுக்கு ஒன்றும் வரவில்லை. அவருக்கு மூன்று பிள்ளைகள். வாயுவா, வயிறு திறக்காததா, இரண்டும் சேர்ந்ததா, எதுவுமே இல்லாமல் ஒரு செல் தானே பிசகியதா? என் கட்டியை எந்த நுண்ணோக்கியின் கீழ் வைத்தாலும் அதில் காரணத்தின் பெயர் எழுதியிருக்காது.

அந்த மிச்சத்துக்கு ஊழ் என்று பெயர் வைத்துக்கொள்ள எனக்கு ஆட்சேபம் இல்லை. எல்லாம் கேட்டு, எல்லாம் அளந்து, திருத்த வேண்டியதைத் திருத்திய பிறகும் எஞ்சி நிற்பது ஒன்று உண்டு. அதன் முன் தலை குனியலாம். அம்மாவோடு சேர்ந்து பாடலாம். கேட்பதற்கு முன்பே அந்தப் பெயரை வைத்துவிடக் கூடாது. எட்டாவதை முதலாவதாக எண்ணக் கூடாது.

இப்போது எனக்கு அறுபத்து மூன்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகிறேன். வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் பேச்சுக் கொடுப்பேன். சாயப்பட்டறை, ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிஃப்ட், பூச்சி மருந்து அடித்த காடு, பீடி. அவர்கள் படிவங்களில் பெரும்பாலும் 'ஹவுஸ் ஒய்ஃப்' என்றுதான் இருக்கிறது. இதைப் படிக்கும் நீங்கள் அம்மாவையோ அக்காவையோ அழைத்துக்கொண்டு அந்த மேசைக்கு முன்னால் போய் உட்கார நேர்ந்தால், தயவுசெய்து 'தொழில்' என்ற கட்டம் வரும்வரை எழுந்துவிடாதீர்கள். எத்தனை வருடம், எந்த அறையில், எதைத் தொட்டு வேலை செய்தார் என்று சொல்லி எழுத வையுங்கள். இடம் போதவில்லை என்றால் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். என்னுடையதை அப்படித்தான் எழுத வைத்தேன்.